இணையம் சொல்வது எந்த மாத்திரையைப் பற்றி?

கேள்வி: என் தாயாருக்கு 67 வயது. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. கொதிப்புக்கு ‘அம்லோடிபின் ஏடி’ சாப்பிடுகிறார். சில வாரங்களாகக் கணுக்கால்கள் வீங்குகின்றன. மாத்திரைதான் காரணம் என்று ஓர் இணையதளமும், அப்படி நேர்வது அரிது என்று மற்றொன்றும் கூறுகின்றன. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறான் தம்பி. எதை நம்புவது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது அரிதல்ல, அளவு கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடும். அந்த மட்டில் முதல் இணையதளம் சொன்னதே சரி. ஆனால் உங்கள் தாயார் சாப்பிடுவது அம்லோடிபின் மட்டுமல்ல. ‘ஏடி’ என்பது அட்டெனலால் என்ற இன்னொரு மருந்தைக் குறிக்கிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் இரண்டின் பெயரும் மில்லிகிராம் அளவுடன் அச்சாகியிருக்கும். (கடைக்காரர் நறுக்கிக் கொடுக்கும் துண்டில் பெரும்பாலும் அந்தப் பகுதிதான் காணாமல் போகிறது, முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.) இதய நோய் உள்ளவர்கள் அட்டெனலாலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரக்கூடும். சர்க்கரை தாழும்போது எச்சரிக்கையாக வரும் படபடப்பையும் அது மறைத்துவிடும். தம்பி தேடியது பாதி மருந்தை என்பதால், கிடைத்ததும் பாதி விடைதான்.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ‘மெட்லைன்பிளஸ்’, பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை ஆகியவற்றின் பக்கங்களை, கடைசியாகச் சரிபார்த்த தேதியுடன் வெளிவருவதால், நான் நம்பிப் பார்க்கிறேன். ஆயினும் அவை பெரும்பாலும் மருந்தின் மூலப்பெயரை (விற்பனைப் பெயரை அல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயரை) வைத்தே எழுதப்பட்டவை; நம் ஊரில் விற்கும் பல கூட்டு மாத்திரைகள் அங்கே கிடைக்கா. ஒவ்வொரு மூலப்பெயரையும் தனித்தனியே தேட வேண்டும். பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். நம் பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். மாத்திரை விற்கும் தளங்களை, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவதற்கு மேல் நான் பயன்படுத்துவதில்லை.

வீக்கத்துக்கு இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அதை எந்தப் பக்கமும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எனவே நீங்களாக நிறுத்தாமல், சர்க்கரை மாத்திரைகள் உட்பட எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவிலோ தாயாரைக் காட்டுங்கள். அளவைக் குறைப்பதையோ மருந்தை மாற்றுவதையோ அவர்கள் முடிவு செய்வார்கள். மூச்சுத் திணறல் இருந்தாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அன்றைக்கே செல்ல வேண்டும். மருந்துதான் காரணம் என்று தெரியவந்தால், இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே அதைப் பதிவு செய்யலாம்.