ரேஸ் கேம் ஸ்கிரீன்ஷாட்களை ஒட்டிப் பெரிய பனோரமா: நீலகிரி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ரேஸ் கேமில் நல்ல இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தி, சுற்றிலும் பல ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அகலப் படமாக ஒட்டுவது பற்றி நம் மலைப்பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியாத நாட்களுக்கு ஏற்ற வேலைதான், ஆனால் கரன்ட் இருக்க வேண்டும்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: அண்ணா, ஃபோர்ஸா ஹொரைசன் 5இல் எரிமலை ஓரமாகக் காரை நிறுத்தி எட்டுப் படம் எடுத்தேன். ஒட்டிப் பார்த்தால் மலை சரியாக வருகிறது, கார் மட்டும் இரண்டாக உடைகிறது. நான் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் சரியில்லையா?

சாஃப்ட்வேர் மேல் பழி போடாதீர்கள் தம்பி. கோளாறு படம் எடுத்த விதத்தில் இருக்கிறது. பனோரமாவுக்குக் கேமரா நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும், இம்மியும் நகரக் கூடாது. ஆனால் கார் கேம்களில் வழக்கமான கேமரா காரை மையமாக வைத்து அதைச் சுற்றி வரும். நீங்கள் ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளும்போது கேமரா திரும்புவதோடு சில மீட்டர் நடந்தும் போகிறது. தூரத்து மலைக்கு அந்தச் சில மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் நிற்கும் காருக்கு அது பெரிய மாற்றம். அதனால்தான் மலை ஒட்டுகிறது, கார் உடைகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பி ஒன்றை எதிர் வீட்டு மூலையோடு நேராக வைத்துப் பாருங்கள். கண்மணியை மட்டும் உருட்டினால் கம்பி மூலையை விட்டுப் பெரிதாக விலகாது. தலையை ஒரு சாண் நகர்த்தினால் உடனே விலகிவிடும். கேமிலும் அதே சோதனைதான். அருகில் இருக்கும் தடுப்புக் கம்பம் ஒன்றைத் தூரத்து மரத்தோடு நேராக நிறுத்துங்கள், கேமராவைத் திருப்புங்கள். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் அந்தக் கேமரா பனோரமாவுக்கு ஆகும். பிரிந்தால் ஆகாது, வேறு கேமரா தேடுங்கள். ட்ரோன் மோடு, ரீப்ளேயின் சுதந்திரக் கேமரா, அசெட்டோ கோர்ஸா என்ற கார் கேம் என்றால் எஃப்7 அழுத்தினால் வரும் கேமரா, இவற்றை முதலில் சோதித்துப் பாருங்கள். நிஜக் கேமராவில் இதைச் சாதிக்கத் தனியாகப் பனோரமா ஹெட் வாங்கி, லென்ஸை மில்லிமீட்டர் கணக்கில் முன்பின் நகர்த்தி அவதிப்பட வேண்டும். கேம் கேமரா வெறும் புள்ளி என்பதால் நமக்கு அந்தச் செலவு மிச்சம்.

குன்னூர்: எத்தனை படம் எடுக்க வேண்டும்? அகலக் கோணம் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே?

முடிந்துவிடும், ஆனால் படம் சிறியதாக வரும். பெரிய படம் வேண்டும் என்றுதானே இந்தப் பாடு. கணக்கைப் பாருங்கள். 1920 பிக்சல் அகலத் திரையில் பார்வைக் கோணம், அதாவது எஃப்.ஓ.வி., 90 டிகிரி என்றால் முழுச் சுற்றுப் படத்தின் அகலம் சுமார் 6,000 பிக்சல். அதே திரையில் ஜூம் செய்து 40 டிகிரி ஆக்கினால் சுமார் 16,500 பிக்சல். 4கே திரையில் அதுவே 33,000 தாண்டும். அரை அகலத்தைப் பாதிக் கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் குவிய நீளம் பிக்சலில் கிடைக்கும், அதை 6.28ஆல் பெருக்கினால் முழு அகலம். 1920க்கும் 40 டிகிரிக்கும் அந்தக் குவிய நீளம் 2637 சொச்சம். நம் தொட்டபெட்டாவின் உயரமும் 2637 மீட்டர்தான், ஆக இந்த எண்ணை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள்.

40 டிகிரிக்கு 30 சதவீதம் ஓவர்லாப், அதாவது பக்கத்துப் படத்திலும் திரும்ப வரும் பகுதி, விட்டால் ஒரு சுற்றுக்கு 13 படம். மேலும் கீழும் சேர்த்து மூன்று வரிசை எடுத்தால் 39. எல்லா இடத்துக்கும் முழுச் சுற்று தேவை என்று இல்லை. மலைத்தொடர் மட்டும் 120 டிகிரிக்கு வேண்டுமென்றால் வரிசைக்கு நான்கு படமே போதும். கேமை நிறுத்திவைத்துப் படம் எடுக்கும் போட்டோ மோடில் கோணத்துக்குப் பதில் மில்லிமீட்டர் காட்டினால், 50 மி.மீ. ஏறக்குறைய 40 டிகிரி.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு திருப்புவது என்பதற்கு எளிய வழி உண்டு. மானிட்டரின் கீழ்ச் சட்டத்தில், இடது ஓரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். பொட்டுக்கு மேலே தெரியும் மரமோ பாறையோ இடது ஓரத்தைத் தொடும் வரை திருப்புங்கள். மூன்றில் ஒரு பங்கு ஓவர்லாப் தானாக வந்துவிடும்.

வெலிங்டன்: படங்கள் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் வானத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் மாறுகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று ஆட்டோ எக்ஸ்போஷர்: சூரியன் பக்கம் திரும்பினால் கேம் படத்தை மங்கலாக்கும், நிழல் பக்கம் திரும்பினால் வெளிச்சம் கூட்டும். போட்டோ மோடில் எக்ஸ்போஷரைப் பூட்ட முடிந்தால் பூட்டுங்கள். இன்னொன்று விக்னெட், அதாவது அழகுக்காகக் கேம் சேர்க்கும் மூலை இருட்டு. தனிப் படத்தில் கண்ணுக்கே தெரியாது. பதின்மூன்று படத்தை வரிசையாக வைத்தால் வானம் அலை அலையாக ஆகிவிடும். கட்டாயம் அணைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். கூடவே மோஷன் பிளர், டெப்த் ஆஃப் ஃபீல்ட், லென்ஸ் ஃப்ளேர், ஃபிலிம் கிரெய்ன், ஓரத்து நிறச் சிதறல் எல்லாவற்றையும் அணையுங்கள். ஸ்பீடோமீட்டர், மேப் எதுவும் திரையில் இருக்கக் கூடாது.

ஈரமான ரோட்டைத் தவிர்த்துவிடுங்கள். பல கேம்கள் திரையில் தெரிவதை மட்டுமே தண்ணீரில் பிரதிபலிக்கும். கேமராவைக் கீழே சாய்த்ததும் மலை திரையை விட்டுப் போகும், குட்டையில் இருந்த அதன் பிம்பமும் மறையும். அடுத்தடுத்த இரண்டு படத்தில் ஒரே குட்டை இரண்டு விதமாக இருந்தால் எந்த சாஃப்ட்வேரும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், திருப்பிய உடனே பட்டனை அழுத்தாதீர்கள். தூரத்து மரங்களும் ஓரங்களும் தெளிய ஒரு நொடி கொடுங்கள்.

ஊட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பேரன் விளையாடுகிறான், ஒட்டும் வேலை எனக்கு. காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

வேண்டாம் ஐயா. ஹூகின் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பி.டி.கூய் காசு கொடுத்து வாங்குவது. வேகமானது, ஆனால் ஆரம்பத்தில் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட்டின் இமேஜ் காம்போசிட் எடிட்டர் ஒரு காலத்தில் எல்லோருக்கும் பிடித்ததாக இருந்தது. இப்போது நிறுவனமே அதைக் கைவிட்டுவிட்டது.

ஹூகினில் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றியதும் லென்ஸ் வகை என்ன, கோணம் என்ன என்று கேட்கும். கேமரா போட்டோ என்றால் அந்த விவரம் கோப்பிலேயே இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் இருக்காது. பலரும் பயந்து மூடிவிடுவது இந்த இடத்தில்தான். லென்ஸ் வகைக்கு ரெக்டிலீனியர், அதாவது நேர்க்கோட்டை நேராகவே காட்டும் வகை, என்று கொடுங்கள், கோணத்துக்குக் கேமின் கிடைமட்டக் கோணத்தைக் கொடுங்கள். சில கேம்கள் செங்குத்துக் கோணத்தைச் சொல்லும், அசெட்டோ கோர்ஸா அந்த ரகம். 16:9 திரையில் செங்குத்து 60 என்றால் கிடைமட்டம் 91.5 வரும். கோணமே தெரியாவிட்டால் ஒரு முழுச் சுற்று எடுத்துவிடுங்கள். கடைசிப் படம் முதல் படத்தோடு சேர்ந்தாக வேண்டும் என்பதால் ஹூகின் கோணத்தைத் தானே கண்டுபிடித்துவிடும்.

லென்ஸ் வளைவுத் திருத்தத்தைத் தொடாதீர்கள். கேம் கேமராவுக்குப் பொதுவாக லென்ஸ் வளைவு கிடையாது. ஹூகின் இல்லாத வளைவைத் தேடிப் போய் நேர்க்கோட்டைக் கோணலாக்கிவிடும். வெறும் வானம் மட்டும் இருக்கும் படங்களில் பொருத்தப் புள்ளி கிடைக்காது. எத்தனை டிகிரி திருப்பினீர்கள் என்பது தெரிந்திருந்தால் அந்த எண்ணைக் கையால் போட்டு உட்கார வைக்கலாம். பனிமூட்டம் இருக்கும் கேம்களிலும் இதே வழி. நம் ஊரில் பனிமூட்டம் பற்றி நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கூடலூர்: போன் மட்டும்தான் இருக்கிறது. பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற கேமில் மலைப்பாதை மேப் போட்டு ஓட்டுகிறேன். முடியுமா?

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி விரலால் பார்வையைத் திருப்பும் கேமராவை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கம்பச் சோதனையைச் செய்து பாருங்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டு எடுங்கள். திரையில் இருக்கும் பட்டன்கள்தான் தொந்தரவு. அவற்றை மறைக்க வழி இல்லை என்றால் ஓவர்லாப்பைப் பாதிக்கு மேல் கூட்டி, பட்டன் விழுந்த இடத்தை மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் மறைத்து, நீக்கலாம். ஒட்டுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தால் நல்லது.

கல்லட்டிப் பக்கம்: எங்கள் ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு. அது மாதிரி ஒரு மலை ரோட்டை அசெட்டோ கோர்ஸாவில் மோடாக, அதாவது ரசிகர்கள் செய்த கூடுதல் மேப்பாக, போட்டிருக்கிறேன். அடிவாரம் முதல் உச்சி வரை முழு ரோட்டையும் ஒரே நீளப் படமாக்க ஆசை.

வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஆனால் கேட்டபடி நடக்காது. இங்கே கேமரா இடம் மாறிக்கொண்டே போகிறது. பக்கத்துத் தடுப்புச் சுவர் வேகமாக ஓடும், தூரத்து மலை அசையாது. இரண்டையும் ஒரே தையலில் பொருத்த முடியாது. சுவரைப் பொருத்தினால் ஒரே மலை பத்து முறை வரும்.

நெருங்கி வரும் வழி ஒன்று உண்டு. குதிரைப் பந்தயத்தில் போட்டோ ஃபினிஷ் எடுக்கும் முறை அது. அந்தக் கேமரா முழுக் காட்சியைப் பார்க்காது, எல்லைக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய பிளவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்களும் காரின் பக்கவாட்டில் கேமரா வைத்து, ஒரே சீரான வேகத்தில் ஓட்டி, வீடியோ எடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் நடுவில் இருக்கும் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் வெட்டி வரிசையாக அடுக்குங்கள். மணிக்கு 72 கி.மீ. வேகம், நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கார் 33 செ.மீ. நகரும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப 20.8 கி.மீ. அதை இப்படி ஓட்டினால் 17 நிமிடச் சொச்சம், 62,000 சொச்சம் ஃபிரேம். ஃபிரேமுக்கு ஒரு பிக்சல் எடுத்தாலே 62,000 பிக்சல் அகலம். ஜேபெக் கோப்பு தாங்கும் எல்லை 65,535, ஆக மயிரிழையில் தப்பிக்கும்.

நேர் ரோட்டில் இது அருமையாக வரும். கொண்டை ஊசியில்தான் வேடிக்கை. கேமரா வளைவின் வெளிப்பக்கம் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் சட்டென்று ஓடிப்போய் நசுங்கிவிடும். உள்பக்கம் பார்த்தால் வளைவின் மையத்தில் இருக்கும் மரம் பிளவை விட்டு நகராமல் நின்று இழுபட்டுக் கிடக்கும். அதற்கும் அப்பால் இருப்பவை எதிர்த் திசையில் ஓடுவதால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி விழும். 36 வளைவிலும் இது நடக்கும். எனக்கு அந்தச் சிதைவு பிடிக்கும், ரோடு எங்கே வளைகிறது என்பதை அதை வைத்தே படிக்கலாம். உங்களுக்குப் பிடிக்காது என்றால் கேமராவை உயரத் தூக்கி, எதிர் மலையிலிருந்து பார்ப்பது போல நின்ற இடத்திலேயே திருப்பி எடுத்துவிடுங்கள். ஒரே படத்தில் பல வளைவு விழும்.

அரவங்காடு: பழைய அவுட் ரன் மாதிரி கேம்களில் செய்ய முடியுமா?

சுற்றிப் பார்க்கும் பனோரமா முடியாது. சேகாவின் 1986 கேம் அது. ரோட்டை வரி வரியாக நகர்த்தித்தான் வளைவு காட்டுகிறார்கள், மரமெல்லாம் அளவு மாறும் தட்டைப் படங்கள். திரும்பிப் பார்க்க அங்கே இடமே இல்லை. ஆனால் பின்னணி வானமும் மலையும் வளைவில் பக்கவாட்டாக நகரும் அல்லவா, அதைப் படம் படமாக எடுத்து நீளப் பட்டையாக்கலாம். ஹூகின் வேண்டாம், பிக்சலைக் குழைத்துவிடும். பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில் அசல் 320க்கு 224 அளவிலேயே எடுத்து, ஜிம்ப் என்ற படத் திருத்த சாஃப்ட்வேரில் பிக்சலுக்குப் பிக்சல் நகர்த்தி ஒட்டுங்கள். பெரிதாக்குவதை முழு மடங்குகளில் மட்டும் செய்யுங்கள்.

கேத்தி, பத்தாம் வகுப்பு: ஒரே வளைவில் ஒரே கார் ஏழெட்டு இடத்தில் வருவது போல செய்வது எப்படி அண்ணா?

ரீப்ளேயில் கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, காரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட விட்டு எடு. இங்கே ஒட்டும் வேலையே இல்லை. எல்லாப் படத்தையும் ஜிம்ப்பில் லேயராக அடுக்கி, ஒவ்வொன்றிலும் காரையும் அதன் நிழலையும் மட்டும் விட்டு மற்றதை மாஸ்க்கில் மறை. நிழலை விட்டுவிட்டால் கார் காற்றில் மிதக்கும். டயர் புகை வரும் இடத்தில் மென்மையான பிரஷ். பரீட்சை முடிந்த பிறகு செய்.

குன்னூர், ஸ்டுடியோ வைத்திருப்பவர்: பிரிண்ட் போட எந்த அளவில் கொண்டு வரச் சொல்லலாம்? ஃப்ளெக்ஸா, போட்டோ பேப்பரா?

மேலே சொன்ன 16,500 பிக்சல் படம், மூன்று வரிசை எடுத்தது, ஓரம் வெட்டிய பிறகு 2,400 உயரம் இருக்கும். அங்குலத்துக்கு 150 புள்ளி போட்டால் 9 அடி அகலம், ஒன்றேகால் அடிக்கு மேல் உயரம். சோபாவுக்கு மேல் மாட்டி நின்று பார்க்க அது போதும். கையில் வைத்துப் பார்க்கும் அளவு என்றால் 300 போடுங்கள், அகலம் பாதியாகும். ஃப்ளெக்ஸ் மலிவு, ஆனால் கேம் படத்தின் மெல்லிய கம்பி, இலை எல்லாம் அதில் கரைந்துவிடும். என்னைக் கேட்டால் மேட் போட்டோ பேப்பர் ரோல்தான்.

எடுக்கும்போதே பி.என்.ஜி.யாக எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீமில் சுருக்காத நகலைச் சேமிக்க ஒரு செட்டிங் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் ஒரு பக்கம் 30,000 பிக்சலைத் தாண்டினால் பி.எஸ்.டி. ஏற்காது, பி.எஸ்.பி.யாகச் சேமிக்க வேண்டும். கடைக்குக் கொண்டு வருபவர்கள் பென் டிரைவில் கொண்டு வரட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியே தீருவேன் என்பவர்களிடம், போட்டோவாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.