எலிசபெத் காஸ்கெல்: கேட்டதும் சொன்னதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் காஸ்கெலைப் பற்றி வாசகர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இவை. ஒரே ஒரு வேண்டுகோள். 2004இல் வந்த 'நார்த் அண்ட் சவுத்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு அந்த நாவலைப் பற்றிக் கேட்காதீர்கள். சரி, வாருங்கள்.

கேள்வி: மேடம், காஸ்கெலை எங்கிருந்து தொடங்கலாம்?

'கிரான்ஃபோர்டு'. சின்னப் புத்தகம்தான். அதில் மிஸ் மேட்டி மேசைமேல் இரண்டு மெழுகுவத்தி வைத்திருப்பார், ஆனால் ஒன்றைத்தான் ஏற்றுவார். யாராவது வந்துவிட்டால் இரண்டையும் ஏற்ற வேண்டும். உயரம் ஏறுமாறாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அதனால் மாற்றி மாற்றி ஏற்றி, இரண்டையும் ஒரே அளவில் வைத்திருப்பார். கையிருப்பு கரைவதை வெளியே காட்டாத வீட்டில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள். சுண்ணாம்புக் குழியில் விழுந்து முடி கொட்டிப்போன பசுவுக்கு ஃபிளானல் சட்டை தைத்துப் போடுவதும் இதே ஊரில்தான்.

கேள்வி: எழுத வந்தது எப்படி?

1845இல் ஒரு வயது நிறையாத மகன் செங்காய்ச்சலில் இறந்தான். எழுதிப் பார், மனம் ஆறும் என்றவர் கணவர் வில்லியம். மான்செஸ்டரில் யூனிட்டேரியன் என்ற கிறித்தவப் பிரிவின் சபைப் போதகர். அப்படி வந்ததுதான் 'மேரி பார்ட்டன்' (1848). பெயர் போடாமல் வெளியானது, உரிமைத்தொகை 100 பவுண்டு. ஆலைத் தொழிலாளியின் பசியை எழுதியதில் முதலாளிகளுக்கு ஏக வருத்தம்.

கேள்வி: 'நார்த் அண்ட் சவுத்'தில் ரயில் நிலைய முத்தம் எந்த அத்தியாயம்?

எந்த அத்தியாயத்திலும் இல்லை. நாவல் லண்டன் வீட்டு அறை ஒன்றில் முடிகிறது. என் வேண்டுகோளை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: டீச்சர், 'ரூத்' நாவல் பற்றிப் பத்து மதிப்பெண் விடை வேண்டும்.

அதற்கு நோட்ஸ் புத்தகம் இருக்கிறது. 1853இல் வந்தபோது கணவரின் சபையைச் சேர்ந்த சிலரே அதை எரித்தார்கள். ஏன் என்று படித்துப் பாருங்கள், விடை தானாக வரும்.

கேள்வி: 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' நாவல் எப்படி முடியும்?

முடியவில்லை. கடைசிப் பகுதியை எழுதுமுன் இறந்துவிட்டார். கதாநாயகி மோலிக்கும் ரோஜருக்கும் திருமணம் என்பதை, நாவல் தொடராக வந்த பத்திரிகையின் ஆசிரியர் ஃபிரெடரிக் கிரீன்வுட் பின்குறிப்பாகச் சொன்னார்.

கேள்வி: 'ஜேன் ஐர்' எழுதிய சார்லட் பிராண்டியின் வாழ்க்கை வரலாற்றில் இவர் பொய் எழுதினார் என்கிறார்களே?

பொய் இல்லை, மறைப்பு. சார்லட் பிரஸ்ஸல்ஸில் படித்தபோது, மணமான தன் ஆசிரியர் கான்ஸ்டன்டின் எழேயிடம் மனதைப் பறிகொடுத்தார். ஊர் திரும்பியும் கெஞ்சிக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். காஸ்கெல் 1856இல் பிரஸ்ஸல்ஸ் போய் எழேயைப் பார்த்தார்; கடிதங்களில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் 1857இல் வந்த நூலில் அதன் வாடையே இல்லை. கடிதங்கள் அச்சேறியது 1913இல்தான்.

கேள்வி: அப்படியென்றால் வாசகரை ஏமாற்றியதுதானே? இதற்கு ஏன் வக்காலத்து?

சார்லட் இறந்து இரண்டு வருடம்தான். தகப்பனார் உயிரோடு இருக்கிறார். எழுதச் சொன்னதே அவர். கணவரும் இருக்கிறார். நீங்களாக இருந்தால் அச்சில் ஏற்றுவீர்களா?

கேள்வி: மேடம், நானும் காஸ்கெல் பக்கம்தான். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைப் பலி கொடுத்தாரே?

இது நியாயமான அடி. சார்லட்டின் துயரத்துக்கு ஏதாவது காரணம் காட்ட வேண்டுமே, பழியைத் தம்பி பிரான்வெல் மேல் போட்டார். பிரான்வெல் கெட்டதற்கு அவன் வேலை பார்த்த வீட்டு எஜமானி காரணம் என்று பெயர் சொல்லாமல் சாடினார். அந்த அம்மா அதற்குள் லேடி ஸ்காட் ஆகியிருந்தார், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. காஸ்கெல் இத்தாலியில்; கணவர்தான் சமாளித்தார். 'டைம்ஸ்' இதழில் மன்னிப்பு, விற்காத பிரதிகள் வாபஸ், அப்புறம் திருத்திய மூன்றாம் பதிப்பு. ஒன்றை மூடப்போய் இன்னொன்றைத் திறந்துவிட்டார் என்பது என் கணிப்பு. ஆனாலும் கடிதங்களை மூடியது சரி என்றே சொல்வேன். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' முடிவு?

மேலே.

கேள்வி: சொந்த வாழ்க்கையிலும் ரகசியம் வைத்திருந்தாரா?

வைத்திருந்தார். 1850இல் 'லிஸி லே' கதைக்கு 20 பவுண்டு வந்தது. வில்லியம் அதை அலட்டிக்கொள்ளாமல் தன் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டார் என்று கடிதத்தில் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். மனைவியின் சம்பாத்தியம் கணவருடையது, அன்றைய சட்டம் அப்படி. அதே பெண்மணி 1865இல் ஹாம்ப்ஷயரில் ஹோலிபோர்ன் என்ற ஊரில் 2,600 பவுண்டுக்கு ஒரு வீடு வாங்கினார், கணவருக்கே தெரியாமல். ஓய்வுக்காலத்துக்கு அவருக்குத் தரும் ஆச்சரியமாம். அதே ஆண்டு நவம்பர் 12, ஞாயிறு மாலை, மகள்களோடு தேநீர் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தவர், பேச்சு பாதியில் நிற்க அந்த வீட்டிலேயே சாய்ந்தார். வயது 55.