மங்கிய கண் எவ்வளவு தேறும்? எம்.எஸ். பார்வை குறித்துக் கேள்வி பதில்

நரம்பியல் சார்ந்த கண் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்வை சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான். டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரோடு. கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் எதை நம்பலாம், எப்போது நம்பலாம் என்பதை என்னிடம் கேளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத் தாக்கும் நோய். பார்வை நரம்பும் மூளையின் நீட்சிதான். அதனால் அடி அங்கேயும் விழும். அதற்குப் பெயர் ஆப்டிக் நியூரைட்டிஸ், பார்வை நரம்பு அழற்சி.

கே: அக்கா, என் தங்கைக்கு 27 வயது. நான்கு நாளாக வலது கண்ணில் விரலை எண்ணும் அளவுதான் பார்வை. கண்ணை அசைத்தால் வலி. எம்.எஸ். ஆக இருக்கலாம் என்கிறார்கள். பார்வை திரும்புமா?

பெரும்பாலும் திரும்பும், தம்பி. சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை 457 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. இந்த நோயைப் பற்றி இன்று பேசுவதில் பாதி அங்கிருந்து வந்ததுதான். அதில் 167 கண்கள் தொடக்கத்தில் 6/60 (நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதற்கும் மோசமான நிலையில் இருந்தன. ஆறு மாதத்தில் அதே நிலையில் தங்கியவை 10 மட்டும். வெளிச்சம் மட்டுமே தெரிந்தவர்களும் அதுகூடத் தெரியாதவர்களுமாக இருந்த 28 பேரில் 18 பேர் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வைக்கு வந்தார்கள்.

முதல் நாள் பார்வையை வைத்துக் கடைசிப் பார்வையைச் சொல்ல முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். வெள்ளம் நிற்கும்போது வயலைப் பார்த்து விளைச்சலைச் சொல்வீர்களா? தண்ணீருக்கு அடியில் பயிர் படுத்திருக்கிறதா அழுகிவிட்டதா என்று தெரியாது. வீக்கம் நரம்பின் வேலையை நிறுத்திவைக்கும். மயலின் உரிந்தால் செய்தி தாமதமாகும், சில இடத்தில் தடைபடும். இவை இரண்டும் ஓரளவு சீராகும். உள்ளே இருக்கும் நரம்பிழையே அறுந்தால்தான் அது போனது போனதுதான். முதல் வாரத்தில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்து தெரியும். பிரித்துப் பார்க்க முடியாது.

நாட்கணக்கு இப்படி: ஓரிரு வாரம் வரை இன்னும் மங்கலாம், அதைக் கண்டு பதறாதீர்கள். மேற்கண்ட ஆய்வில் மருந்தே இல்லாத பிரிவினரில் 79 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள்ளும், 93 சதவீதம் பேருக்கு ஐந்து வாரத்துக்குள்ளும் முன்னேற்றம் தொடங்கிவிட்டது. ஒரு மாதம் முடியும்போது எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறாள் என்பதைக் குறித்துவையுங்கள். ஆறு மாதப் பார்வைக்கு அதைவிட நல்ல குறி என்னிடம் இல்லை.

கே: ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் மூன்று நாள் போட்டார்கள். போடாமல் விட்டிருந்தால் கண் போயிருக்குமா?

வழக்கமான எம்.எஸ். வகை என்றால், போயிருக்காது. அதே ஆய்வில் ட்ரிப்ஸ் போட்டவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தார்கள். ட்ரிப்ஸ் வேகம் தரும், கூடுதல் பார்வை தராது. வேகம் சின்ன விஷயமும் இல்லை, வலியோடு வேலைக்குப் போகிறவரைக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் பிரெட்னிசோன் மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு மறுபடி அழற்சி வருவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. 1992இல் வெளியான இந்த முடிவு அன்று எல்லோரையும் திகைக்க வைத்தது. ஆகவே பக்கத்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்குவது வேண்டாம். மிக அதிக அளவில் வாய்வழி கொடுப்பது வேறு கதை. நாளுக்கு 1,250 மில்லிகிராம் மாத்திரை, 1,000 மில்லிகிராம் ஊசிக்குச் சமமாகவே வேலை செய்ததாகக் கனடாவில் 2018இல் வந்த ஆய்வு காட்டியது.

கே: மேடம், எனக்கு 6/6 வந்துவிட்டது. டாக்டரும் சரியாகிவிட்டது என்கிறார். ஆனால் அந்தக் கண்ணில் எல்லாம் வெளுத்த புடவை மாதிரி தெரிகிறது. வீட்டில் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நான் நம்புகிறேன். இந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள்.

எழுத்துப் பலகை என்பது வெள்ளை மேல் கன்னங்கரேலென்ற எழுத்து. உலகத்தில் அப்படி என்ன இருக்கிறது? மாலை வெளிச்சத்தில் படிக்கட்டு, மழையில் சாம்பல் நிற ரோடு, மங்கலான அறையில் ஒரு முகம், எல்லாம் நிறம் நிறத்தோடு கலந்த விஷயம். நரம்பிழைகளில் ஒரு பங்கு குறைந்தாலும் மிச்சம் இருப்பவை கறுப்பு எழுத்தைப் படித்துவிடும். வெளிறிய எழுத்தில்தான் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் 2.5 சதவீதம், 1.25 சதவீதம் மட்டுமே அடர்த்தி உள்ள சாம்பல் எழுத்துப் பலகைகள் வந்தன. எம்.எஸ். மருந்து ஆய்வுகளில் அவற்றைத்தான் அதிகம் மதிக்கிறார்கள். உங்கள் ஊரில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டில் நம்ப வைக்க ஒரு சிவப்பு பாட்டில் மூடி போதும். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண். நல்ல கண்ணில் குங்குமமாகவும் பாதிக்கப்பட்டதில் செங்கல்லாகவும் தெரியும். அதை அவர்களிடம் வாய்விட்டு வர்ணித்துச் சொல்லுங்கள். ‘6/6 என்றால் குணம்’ என்று ஃபைலை மூடும் பழக்கம் எங்கள் துறையின் சோம்பேறித்தனம் என்பது என் கருத்து.

கே: ஓ.சி.டி. ரிப்போர்ட்டில் நரம்பிழை அடுக்கு 71 மைக்ரான் என்று சிவப்பில் போட்டிருக்கிறது. அழற்சி வந்து எட்டு மாதம் ஆகிறது. கண் போய்விட்டதா?

இல்லை. சிவப்பு மையைக் கண்டு பயப்படாதீர்கள், கம்ப்யூட்டருக்கு வேறு நிறம் தெரியாது.

ஓ.சி.டி. ஒளியால் விழித்திரையின் அடுக்குகளை அளக்கும் கருவி. நரம்பிழை அடுக்கு ஆரோக்கியமான கண்ணில் பொதுவாக 90, 100 மைக்ரான் பக்கம் இருக்கும். அழற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்தில் மெலிந்து நிற்கும். 75 மைக்ரானுக்குக் கீழே போனால் பார்வைப் பரப்பு முழுதாகத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது என்று 2006இல் கனடாவில் கண்டார்கள். உங்கள் 71 அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. கோடு என்பது சுவர் இல்லை. 70இல் வண்டி ஓட்டிப் பிழைப்பவரையும் 80இல் தடுமாறுபவரையும் பார்த்திருக்கிறேன். மறு கண்ணின் எண் என்ன? அதோடு ஒப்பிடாத ஒற்றை எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை. இரு கண்ணுக்கும் 5 மைக்ரான் வித்தியாசம் இருந்தாலே ஒரு பக்கம் முன்பு அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள்.

முதல் மாதத்தில் எடுத்த ஓ.சி.டி.யில் இந்த அடுக்கு தடித்திருந்தால் மகிழவும் வேண்டாம். அது வீக்கம். வெள்ளக் கதையேதான். அந்தச் சமயத்தில் நம்பத்தக்கது இன்னும் உள்ளே இருக்கும் கேங்கிலியான் செல் அடுக்கு, அதாவது இந்த நரம்பிழைகள் கிளம்பும் செல்களின் அடுக்கு. அது அவ்வளவாக வீங்காது. ஒரு மாதத்துக்குள்ளேயே மெலியத் தொடங்கினால் நிறமும் வெளிறிய எழுத்தும் பின்னால் குறையும் என்று எதிர்பார்க்கலாம். முதல் ஸ்கேன் எடுக்கும்போதே ‘மேக்குலா பகுதியையும் சேர்த்து எடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். மேக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி, இந்த அடுக்கை அங்கேதான் அளப்பார்கள்.

கே: வெந்நீரில் குளித்தால் கண் மங்குகிறது. மறுபடி அட்டாக்கா?

உடல் ஆறியதும் தெளிந்தால் அட்டாக் இல்லை. 1890இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்தது இது. நடந்து களைத்தால் மங்குகிறது என்று அவர் நினைத்தார். சூடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மயலின் உரிந்த இழையில் சூடு ஏறினால் செய்தி நின்றுவிடும். ஒரு நாளைக்கு மேல் தெளியாமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள்.

கே: எல்லோருக்கும் இதே கணக்குத்தானா? என் அத்தைக்கு 53 வயது, இரண்டு கண்ணும் ஒரே வாரத்தில் போனது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேலே சொன்ன நம்பிக்கை எல்லாம் வழக்கமான வகைக்கு மட்டும்: இளவயது, ஒரு கண், வலி, மூன்று நான்கு வாரத்தில் திரும்பத் தொடங்குவது. அத்தைக்கு அப்படி இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து போவது, வலியே இல்லாமல் போவது, ஐந்து வாரமாகியும் அசையாமல் நிற்பது, ஸ்டீராய்டை நிறுத்தியதும் திரும்ப மங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் ‘எம்.எஸ். தானா’ என்று கேட்க வேண்டும்.

ரத்தத்தில் இரண்டு ஆன்டிபாடி சோதனை இருக்கிறது. ஒன்று அக்வாபோரின்-4, கண்டறிந்தது 2004இல். அது இருந்தால் எம்.எஸ். இல்லை, என்.எம்.ஓ. என்ற வேறு நோய்; அதில் காத்திருந்தால் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது. சிகிச்சை ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் நஷ்டம், பிளாஸ்மா மாற்றும் சிகிச்சைகூட வேண்டியிருக்கும். இன்னொன்று மாக் ஆன்டிபாடி. அதில் நரம்பு பலமாக வீங்கும், ஆனாலும் பலருக்கு நன்றாகத் தேறும். அப்புறம், அத்தை டி.பி. மாத்திரை சாப்பிடுகிறாரா? எத்தாம்பியூட்டால் இரண்டு கண்ணையும் வலியில்லாமல் மங்க வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், இன்றைக்கே மருந்து கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

கே: பார்வை முழுதாக வந்துவிட்டது. அப்படியென்றால் எம்.எஸ். வராதா?

இரண்டும் தனித்தனிக் கணக்கு. கண் தேறியது எதிர்காலத்தைச் சொல்லாது. மூளை எம்.ஆர்.ஐ. ஓரளவு சொல்லும். அந்தப் பழைய ஆய்வில் 15 ஆண்டுகளில் எம்.எஸ். வந்தவர்கள், முதல் ஸ்கேனில் தழும்பே இல்லாதவர்களில் 25 சதவீதம், ஒரு தழும்பாவது இருந்தவர்களில் 72 சதவீதம். இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய கணக்கு அது.

கே: நரம்பை வளர்க்க மருந்து உண்டா?

தேடுகிறார்கள். கிளமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மருந்து, கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் தாமதத்தை 1.7 மில்லிசெகண்டு குறைத்தது (2017). ரத்தச் சிவப்பணுவை வளர்க்கும் எரித்ரோபோயட்டின் என்ற ஹார்மோன் தோற்றது (2021). இவ்வளவுதான். யாராவது உறுதி கொடுத்துப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: பார்வை 6/9. பைக் ஓட்டலாமா? குறுக்கே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் என்று பிடிபடவில்லை.

உங்கள் சந்தேகம் சரியானது. ஒரு கண்ணின் செய்தி தாமதமாக வந்தால் பக்கவாட்டில் நகரும் பொருளின் தூரம் தப்பாகத் தெரியும். புல்ஃப்ரிச் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1922இல் இதை விளக்கினார். அவருக்கே ஒரு கண் பார்வை கிடையாது, தான் விளக்கியதை அவரால் பார்க்க முடியவில்லை!

நூலில் ஒரு சாவியைக் கட்டி உங்கள் முன்னால் இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஆட்டச் சொல்லுங்கள். இரு கண்ணாலும் பாருங்கள். வட்டமடிப்பது போலத் தெரிந்தால் இதுதான். நல்ல கண்ணுக்கு லேசான கறுப்புக் கண்ணாடி போட்டால் அந்தக் கண்ணின் செய்தியும் சற்றுத் தாமதமாகி, இரண்டும் ஒத்துவரும். எவ்வளவு கறுப்பு என்பதை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சாவி நேராக ஆடும்வரை பைக்கை வீட்டிலேயே விடுங்கள்.