மந்திரமும் இயந்திரமும் ஒரே மேசையில்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விடுமுறைக்கு வந்திருக்கும் என் அண்ணன் ‘ஷேடோரன்’ என்ற மேசை விளையாட்டின் விதிநூலைக் கொண்டுவந்திருக்கிறார். கணினிக் கொள்ளையரும் செயற்கைக் கைகளும் நிறைந்த உலகில் டிராகன்களுக்கும் கூர்ங்காது எல்ஃப்களுக்கும் என்ன வேலை? சாம்பாரில் பாயசத்தை ஊற்றியதுபோல் இருக்கிறதே!
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: சிகாகோவின் ஃபாசா நிறுவனம் 1989இல் வெளியிட்ட அந்த விளையாட்டை முதன்முதலில் புரட்டியபோது நானும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரேயொரு கணக்கு. அதில் ஒவ்வொரு கதாபாத்திரமும் ‘எசென்ஸ்’ என்னும் உயிர்ச்சாரத்தில் 6 புள்ளிகளுடன் தொடங்குகிறது; உடலுக்குள் பொருத்திக்கொள்ளும் ஒவ்வொரு கருவியும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நரம்புகளை வேகப்படுத்தும் கம்பியமைப்பின் முதல் நிலைக்கு 2 புள்ளிகள், இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 5 என்று விலை ஏறிக்கொண்டே போகும். கையிருப்பு பூஜ்யமானால் ஆளும் இல்லை. மந்திரவாதிக்கு இழப்பு இன்னும் பெரிது, ஏனெனில் எசென்ஸ் குறையும்போது அவருடைய மந்திர ஆற்றலும் கூடவே இறங்கிவிடும். காயத்தை ஆற்றும் மந்திரத்துக்குக்கூட உலோகம் மிகுந்த உடல் எளிதில் இணங்குவதில்லை. ஆகவே இயந்திரமும் மந்திரமும் அங்கே அருகருகே வைத்த இரண்டு பண்டங்கள் அல்ல. ஒரே பணப்பையிலிருந்து செலவாகும் இரண்டு ஆசைகள்.

கதையுலகிலும் மந்திரம் அரசியலோடு பின்னியே வருகிறது. அதன் கற்பனை வரலாற்றில் 2011இல் மந்திரம் விழித்தெழுகிறது. சாதாரணப் பெற்றோருக்கு எல்ஃப் குழந்தைகளும் குள்ளக் குழந்தைகளும் பிறக்கின்றன. 2021இல் நேற்றுவரை மனிதராக இருந்தவர்களே ஆர்க், ட்ரோல் என்னும் முரட்டு உருவங்களாக உருமாற, அண்டை வீட்டார் கதவைச் சாத்துகிறார்கள். வட அமெரிக்கப் பழங்குடியினர் 2017இல் நிகழ்த்தும் பெரும் ஆவி நடனம் எரிமலைகளை வெடிக்கவைக்கிறது. மறு ஆண்டு டென்வர் ஒப்பந்தத்தின் வழியே கண்டத்தின் பெரும்பகுதி அவர்கள் கைக்குத் திரும்புகிறது. வெள்ளையர் ஆதிக்கம் அகலும் என்று நம்பிப் பழங்குடியினர் ஆடிய உண்மையான ஆவி நடன இயக்கம், 1890இல் அமெரிக்க இராணுவம் நடத்திய வூண்டட் நீ படுகொலையில் குருதியில் மூழ்கியது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கற்பனையின் கனம் புரியும். ஆனாலும் பல பழங்குடிகளின் வெவ்வேறு மரபுகளை ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள் என்ற குறை எனக்கு உண்டு. முதல் பதிப்பின் கதை நடப்பது 2050இன் சியாட்டிலில். பழங்குடி நாட்டால் சூழப்பட்டுத் தீவுபோல் நிற்கும் நகரம் அது. டிராகனைப் பற்றியும் கேட்டீர்கள் அல்லவா? புதையலின் மேல் படுத்துக் கிடப்பது அதன் பழைய வழக்கம். இங்கே லோஃப்விர் என்னும் டிராகன் ஜெர்மனியின் மாபெரும் தொழில் நிறுவனம் ஒன்றுக்கே உரிமையாளராக இருக்கிறது. டங்கல்சான் என்னும் இன்னொரு டிராகன் 2057இல் தேர்தலில் வென்று, அமெரிக்க-கனடியப் பகுதிகள் இணைந்த கற்பனை நாட்டின் அதிபராகி, பதவியேற்ற இரவே கொல்லப்படுகிறது!

கேள்வி: கைநிறையப் பகடைகளை உருட்டுகிறார்கள். இது சூதாட்டம்தானே?
– ஒரு தந்தை

பதில்: இல்லை, பந்தயமும் கிடையாது, பணமும் கைமாறுவதில்லை. ஒருவர் கேம் மாஸ்டராக அமர்ந்து சூழலை விவரிக்க, மற்றவர்கள் தத்தம் பாத்திரமாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். பெரும்பாலும் ‘மிஸ்டர் ஜான்சன்’ என்ற பொய்ப்பெயரில் வரும் ஒருவர் கூலிக்கு அமர்த்தும் திருட்டுவேலைதான் கதை. செயலின் பலன் உறுதியற்றதாக இருக்கும்போது மட்டுமே பகடை உருளும். 2005இல் வந்த நான்காம் பதிப்பு முதல், திறமைக்கும் இயல்புக்கும் உரிய எண்ணிக்கையைக் கூட்டி, அத்தனை ஆறுபக்கப் பகடைகளை உருட்டி, 5 அல்லது 6 விழுந்தவற்றை வெற்றியாக எண்ணுகிறார்கள். நான்காம் பதிப்பில் பாதியோ அதற்கு மேலோ 1 விழுந்தால், வெற்றி பெற்றாலும் ஏதோவொரு வில்லங்கம் கூடவே வந்து சேரும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் கணினிக்குள் ஊடுருவும் ‘டெக்கர்’. அவர் முறை வந்தால் மற்ற மூவரும் அரைமணி நேரம் கொட்டாவி விடுகிறோம். வழி உண்டா?
– பொறியாளர் ஒருவர்

பதில்: பழைய பதிப்புகளுக்கே உரிய நோய் இது. காவலர் சுடும்போது டெக்கர் கம்பிவழி கணினியோடு இணைந்து தனியுலகில் உலவிக்கொண்டிருப்பார். கம்பியில்லா இணைப்பைக் கொண்டுவந்து, அவரும் குழுவோடு நடந்தபடியே கதவுப் பூட்டையும் எதிரியின் துப்பாக்கியையும் முடக்கும்படி செய்தது நான்காம் பதிப்புதான். விதிகளின் பாரமே தாங்கவில்லை என்றால் 2016இல் வந்த ‘அனார்கி’ என்ற எளிய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பை விட மனமில்லையா? ஊடுருவல் முழுவதையும் இரண்டே உருட்டல்களில் முடித்துவிடச் சொல்லி உங்கள் கேம் மாஸ்டரிடம் கேளுங்கள். டெக்கர் கோபித்துக்கொள்வார், மற்ற மூவரும் விழித்திருப்பீர்கள்.