கிருமிக்குள் ஒரு வேதிக்கூடம்: நொதிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாதிரி சிக்கலான மருந்தை ஒரு பாக்டீரியா எப்படிக் கட்டுகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. சாக்கரோபாலிஸ்போரா எரித்ரியா என்ற மண் பாக்டீரியாவில் இதற்கென்றே 3 ராட்சதப் புரதங்கள் உள்ளன. அவற்றில் மொத்தம் 6 மாட்யூல்கள், அதாவது ஆளுக்கொரு படி வேலை செய்யும் பகுதிகள். மூன்று கார்பன் கொண்ட புரோப்பியோனைல் துண்டில் வேலை தொடங்கும். ஒவ்வொரு மாட்யூலும் ஒரு துண்டை ஒட்டி, வேண்டிய திருத்தம் செய்து, அடுத்ததிடம் கொடுத்துவிடும். வேலை முடியும்வரை வளரும் சங்கிலி புரதத்தை விட்டு நழுவாது. கடைசி நொதி அதை விடுவித்து 14 அணு வளையமாக மூடும். ஆனால் இது இன்னும் மருந்தல்ல. வேறு நொதிகள் ஆக்சிஜனையும் இரண்டு சர்க்கரைகளையும் சேர்க்க வேண்டும். சர்க்கரை ஏறாத வளையம் கிருமியைத் தடுக்காது.

கேள்வி: எந்த இடத்தில் என்ன திருத்தம் என்பது எப்படி முடிவாகிறது?

பதில்: மாட்யூலின் உள்ளமைப்பே முடிவு செய்கிறது. மூன்றாவதில் ஆக்சிஜனை ஒடுக்கும் பகுதி செயலற்றது, அதனால் கீட்டோன் (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன் உள்ள அமைப்பு) அப்படியே நிற்கும். நான்காவதில் தேவையான மூன்று பகுதிகளும் உண்டு, அங்கே ஆக்சிஜன் முழுதாக நீங்கும். ஆகவே மரபணு வரிசையைப் படித்தே மூலக்கூறின் வடிவத்தைப் பெருமளவு ஊகிக்கலாம். வேதியியலில் இவ்வளவு அழகான விஷயம் குறைவு என்பேன்.

கேள்வி: பெனிசிலினும் இப்படித்தானா மேடம்?

பதில்: குடும்பம் வேறு. ஒரு பெரிய நொதி, ரைபோசோமின் (செல்லில் புரதம் கட்டும் இயந்திரம்) உதவியில்லாமல், 3 அமினோ அமிலங்களைக் கோக்கிறது. அப்புறம் இரும்பு கொண்ட இன்னொரு நொதி ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஒரே மூச்சில் இரண்டு வளையங்களை மூடிவிடும்.

கேள்வி: தான் செய்த மருந்தே அந்த எரித்ரோமைசின் பாக்டீரியாவைக் கொல்லாதா?

பதில்: எரித்ரோமைசின் ரைபோசோமில் போய் ஒட்டும். பாக்டீரியா தன் ரைபோசோமில் அந்த இடத்தில் இரண்டு மீத்தைல் தொகுதிகளை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு துண்டுகள்) ஏற்றி வைத்திருக்கிறது, மருந்து சரியாக ஒட்ட முடியாது. அந்த மரபணுவும் தயாரிப்பு மரபணுக்களின் பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: சரி, மாட்யூல்களை மாற்றிப் புது மருந்து செய்யலாமா?

பதில்: செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் விளைச்சல் சரிந்துவிடும். அடுத்த மாட்யூல் புதிய சங்கிலியை ஏற்க வேண்டுமே! நான் அதைவிட ஆர்வமாகப் பார்ப்பது இயற்கை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை. 2002-ல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற இன்னொரு மண் பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, இப்படிப்பட்ட மரபணுக் கொத்துகள் 20-க்கு மேல் கண்ணில் பட்டன. அவற்றில் பெரும்பாலானவை எதைத் தயாரிக்கின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆய்வகத் தட்டில் அவை வாய் திறப்பதில்லை. எந்தச் சூழலில் திறக்கும் என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் இப்போது உழைக்கிறார்கள்.