அதிகாலை 3 மணிக்குக் கடைக் கணினியில் யார்?

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறோம். கணக்கர் வீட்டிலிருந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப்பில் கடைக் கணினிக்குள் வருவதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்திருக்கிறோம். அந்தப் போர்ட்டுக்கு அடிக்கடி அதிகாலை 3 மணிக்கு யாரோ வந்ததாக ரவுட்டர் லாக் (பதிவேடு) காட்டுகிறது. திருடனா?

பதில்: முதலில் ரவுட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். நேர அமைப்பைத் தொடாமல் விட்ட ரவுட்டர் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் லாக் எழுதும். மலேசிய நேரம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். அப்படியென்றால் அந்த 3 மணி, பினாங்கில் காலை 11. உங்கள் கணக்கர் தே தாரேக் குடித்துவிட்டு வேலையில் உட்கார்கிற நேரம்!

சரி, அவர்தான் என்றே வைத்துக்கொள்வோம். எனக்குக் கவலை அந்தத் திறந்த போர்ட்தான். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் எண் 3389 எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. சிலர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வீட்டு எண்ணை அழித்தால் திருடனுக்கு வழி தெரியாமல் போய்விடுமா என்ன?

கடைக் கணினியில் நடந்ததையெல்லாம் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி என்று போங்கள். பதிவின் எண் 4625 என்றால் நுழைய முயன்று தோற்றது. 4624 என்றால் உள்ளே வந்தாயிற்று. ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்று பெயரை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கில் 4625 இருந்தால் பதற வேண்டாம், பூட்டை ஆட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் அதே ஐபி முகவரியிலிருந்து ஒரே ஒரு 4624 வந்திருந்தாலும் விஷயம் வேறு. உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். சைபர்999-க்குத் தெரிவியுங்கள், சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் உதவிச் சேவை அது.

இன்னொன்று, அந்த செக்யூரிட்டி லாக்கின் வழக்கமான அளவு 20 எம்பிதான். தட்டல் அதிகமானால் பழைய பதிவுகள் சீக்கிரமே அழிந்துவிடும். அளவைக் கூட்டி வையுங்கள்.

அப்புறம் ரவுட்டரில் அந்தப் போர்ட்டை மூடிவிட்டு, கணக்கருக்கு விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) போட்டுக் கொடுங்கள். முடிந்தால் கைப்பேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பும் சேரட்டும். வாடிக்கையாளர் வைஃபையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கு இன்னும் அந்தக் கணினியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பெயரில் ஒரு 4624 வந்தால், தெரிந்த பெயர்தானே என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.