மகளுக்கு எலக்ட்ரோடு ஆராய்ச்சியில் பிஎச்.டி. இடம்: சேர்க்கலாமா?

அம்மா, எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த மகளுக்கு, தண்ணீரிலிருந்து குறிப்பிட்ட அயனியை மட்டும் பிரித்தெடுக்கிற எலக்ட்ரோடு பொருட்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, பேசாமல் பி.எட். சேரச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு இதில் ஆசை இருந்தால் சேரட்டும். ஆனால் எந்த ஆய்வகம், யார் பணம் என்பதைப் பார்த்துவிட்டுச் சேரட்டும்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்பன் தகடுகளுக்கு (இவைதான் எலக்ட்ரோடுகள்) நடுவே உப்புத் தண்ணீரை ஓடவிட்டு 1.2 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்தால் உப்பின் அயனிகள் கார்பனின் நுண்துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும், மின்னழுத்தத்தைத் திருப்பினால் வெளியே வந்துவிடும். (அதற்கு மேல் ஏற்றினால் தண்ணீரே பிரிய ஆரம்பித்துவிடும்.) இது எல்லா உப்பையும் பிடிக்கும். ஒன்றை மட்டும் பிடிப்பதுதான் கஷ்டம். தர்மபுரிப் பக்கம் போர் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே நிறைய. அதே தண்ணீரில் குளோரைடும் பைகார்பனேட்டும் நூறு மடங்குகூட இருக்கும். அந்தக் கூட்டத்தில் புளோரைடை மட்டும் பிடிக்கிற எலக்ட்ரோடு வேண்டும். சிலி நாட்டு அட்டகாமா உப்பு நீரில் சோடியத்துக்கும் மக்னீசியத்துக்கும் நடுவே லித்தியத்தைப் பிடிப்பதும் இதே வேலைதான், அதற்கு ஆய்வுகளில் இரும்பு பாஸ்பேட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

வேலைவாய்ப்பே இங்கேதான் இருக்கிறது. மின்சார வண்டி பேட்டரிகளில் இருக்கும் எல்.எஃப்.பி. என்பது அதே இரும்பு பாஸ்பேட், லித்தியத்தோடு சேர்ந்தது. பொடியைக் குழைத்துத் தகட்டில் பூசுவது, செல் கட்டுவது, சைக்ளிக் வோல்டமெட்ரி, இம்பீடன்ஸ் என்ற மின் சோதனைகளைச் செய்து பார்ப்பது எல்லாம் பேட்டரிக்கும் அயனி பிரிப்பதற்கும் பொது. "அயனிப் பிரிப்பு" என்று பெயர் போட்டு வரும் விளம்பரங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். பேட்டரி, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர், தொழிற்சாலைக் கழிவுநீர் என்று பக்கத்துக் கதவுகளைத்தான் தட்ட வேண்டியிருக்கும். காரைக்குடி சிக்ரி மாதிரி மின்வேதியியலுக்கென்றே உள்ள நிறுவனம் என்றால் அந்தப் பயிற்சி இன்னும் அகலமாகக் கிடைக்கும்.

சேர்வதற்கு முன் அவள் அங்கே இருக்கிற சீனியர்களிடம் தனியாகப் பேசட்டும். வடிகட்டிய நீரில் சோடியம் குளோரைடு மட்டும் கரைத்துச் சோதிக்கிறார்களா, நிஜமான போர் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறார்களா? ஒரே எலக்ட்ரோடை நூற்றுக்கணக்கான சுற்று ஓட்டுகிறார்களா, பத்துச் சுற்றோடு கட்டுரை எழுதிவிடுகிறார்களா? தண்ணீரில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் ஐ.சி.பி. கருவி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, மாதிரியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கிறார்களா? போட்டி அயனிகள் இல்லாத தண்ணீரிலேயே ஐந்து வருடம் ஓட்டியவரைக் கம்பெனிக்காரர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் பணம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வழிகாட்டி மாறினாலும் அந்த உதவித்தொகை அவள் பெயரில்தான் இருக்கும். பேராசிரியரின் புராஜெக்ட் பணத்தில் சேர்கிறாள் என்றால் புராஜெக்ட் முடியும்போது தொகையும் நின்றுவிடலாம், அதனால் ஆணையில் முடிவுத் தேதி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பிறகு யார் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.